ஓடும் நாய், கலங்கும் படம்: அறிகுறி பார்த்து ஷட்டர் வேகத்தைச் சரிசெய்வது

நாய் ஓடி வருகிறது. விடாமல் நாற்பது படம் தட்டுகிறோம். பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. உடனே "அடுத்த தடவை 1/4000 வைத்துவிடலாம்" என்று முடிவுகட்டிவிடுவோம். அதாவது, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் ஒரு நொடியில் 4000-இல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்திருக்கும்; அந்த நேரத்தைத்தான் ஷட்டர் வேகம் என்கிறோம். நானும் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தேன். படம் தெளிவாகவில்லை, மணல் தூவினாற்போல் படமெங்கும் புள்ளிகள்தான் கூடின. கெட்டுப்போன படங்களில் பாதிக்கு ஷட்டர் காரணமே இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

அதனால் டயலைத் தொடுவதற்கு முன்னால் கெட்ட படத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூன்று இடம் பாருங்கள்: கண், பாதம், தரை. கண்ணுக்குள் வானத்தின் வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கும். அந்தப் புள்ளி சின்னக் கோடாக நீண்டிருந்தால் ஏதோ அசைந்திருக்கிறது. கோடாகாமல் உப்பிப்போன வட்டமாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. கோடாக இருந்து, தரையிலுள்ள புல்லும் அதே பக்கம் அதே நீளத்துக்கு இழுபட்டிருந்தால் அசைந்தது நாய் இல்லை, உங்கள் கை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மீதி சுலபம்.

தரை தெளிவு, நாய் மட்டும் கோடு கோடாக

அசல் ஷட்டர் வேகக் குறை இதுதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இதன் குணம் தெரிந்துவிடும்.

நடுத்தர நாய் ஒன்று பந்தை விரட்டி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 மீட்டர். 1/250 நொடி ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் நாய் 4 செ.மீ. போய்விடும். 1/1000 என்றால் 1 செ.மீ., 1/2000 என்றால் 5 மி.மீ. ஒரு மீட்டர் நீளமுள்ள அந்த நாய், 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் பாதியை நிரப்பினால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 3 பிக்சல். ஆக, கேமராவை அசைக்காமல் 1/1000-இல் எடுத்தால் கண் 30 பிக்சல் இழுபடும். போன் திரையில் பார்க்கிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. பெரிதாக அச்சிட்டால் மீசை மயிர் ஒன்றுகூடத் தனியாகத் தெரியாது.

அப்படியென்றால் 1/1000-இல் ஊரெல்லாம் எடுக்கும் நல்ல படங்கள் எப்படி வருகின்றன? எடுக்கிறவர் கேமராவை நாயோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே தட்டுகிறார், அதனால்தான். நீங்கள் ஓரளவுக்கு, பத்தில் ஒன்பது பங்கு சரியாகத் திருப்பினாலே 30 பிக்சல் இழுப்பு 3 பிக்சலாகச் சுருங்கிவிடும். ஷட்டர் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் இழுப்பு பாதியாகும், அவ்வளவுதான். கையைச் சேர்த்துத் திருப்பினால் பத்தில் ஒன்றாகும். காசில்லாமல் கிடைக்கும் இந்த லாபத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைச் செலவழித்து 1/4000-க்கு ஓடுவதில் அர்த்தமில்லை.

கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஷட்டர் வேகத்தைத் தீர்மானிப்பது நாயின் வேகம் இல்லை, அது சட்டத்தை, அதாவது படத்தின் நாலு ஓரத்துக்குள் தெரியும் பரப்பை, கடக்கும் வேகம். தூரத்தில் ஓடும் பெரிய நாயைவிட, உங்கள் காலடியில் துள்ளும் குட்டி சட்டத்தை வேகமாகக் கடக்கும். குறுக்கே ஓடும் நாய் அதிகம் இழுபடும், நேராக உங்களை நோக்கி வரும் நாய் குறைவாக இழுபடும், சாய்கோணத்தில் வருவது இரண்டுக்கும் நடுவில்.

நான் தொடங்கும் எண்களைச் சொல்கிறேன்; அங்கிருந்து உங்கள் நாய்க்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். மெதுவாக நடக்கும் நாய்க்கு 1/250 போதும். குதுகுதுவென்று ஓடினால் 1/500 முதல் 1/800. நேராக வரும் ஓட்டத்துக்கு 1/1000. குறுக்கே முழுப் பாய்ச்சல் என்றால் 1/1600. தாவிப் பந்தையோ தட்டையோ கவ்வும் கணத்துக்கு 1/2000. அருகில் குதிக்கும் சின்ன நாய்க்கு 1/2500-உம் அதற்கு மேலும். கிரேஹவுண்ட் மாதிரி மணிக்கு 70 கி.மீ. வரை தொடும் நாயாக இருந்தால் முதல் படத்திலேயே 1/2500 வைத்துவிடுவேன். பிறகு யோசிக்கலாம்.

நாய் நிற்கிறதே என்று 1/60-க்கு இறங்கிவிடாதீர்கள். உட்கார்ந்த நாய்க்குக்கூடக் காது திரும்பும், மூக்கு துடிக்கும், வாய் திறந்து மூச்சிரைத்தால் தலையே ஆடும். என் கீழ்வரம்பு 1/200.

முகம் தெளிவு, கால்கள் மட்டும் கலங்கல்

இது குறையா என்பதையே முதலில் யோசிக்க வேண்டும். ஓடும்போது தரையில் ஊன்றிய பாதம் அந்தக் கணத்தில் அசைவதே இல்லை. தூக்கிய கால் அந்த இழப்பை ஈடுகட்ட உடம்பைவிட வேகமாக முன்னால் பாய்ந்தாக வேண்டும். அதனால்தான் ஒரே படத்தில், ஒரே நாயில், ஒரு பாதத்தின் நகம் எண்ணும்படி இருக்கும். பக்கத்துப் பாதம் பஞ்சாகப் போயிருக்கும்.

கேமராவை அசைக்காமல் எடுத்தால் ஊன்றிய பாதம் தெளிவாகும். கேமராவை நாயோடு திருப்பினால் கதை தலைகீழ்: முகம் தெளிவாகும், ஊன்றிய பாதமும் தரையும் பின்னால் இழுபடும். உங்கள் படத்தில் எந்தப் பாதம் கலங்கியிருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் கை என்ன செய்தது என்று தெரிந்துவிடும்.

நாலு பாதமும் தெளிவாக வேண்டுமென்றால் முகத்துக்குப் போதுமான வேகத்தை இரண்டு மடங்காக்குங்கள். முகம் 1/1000-இல் தெளிவு என்றால் கால்களுக்கு 1/2000. எனக்கென்னவோ, பாதத்தில் கொஞ்சம் கலங்கல் இருப்பதுதான் பிடிக்கும். முகத்தில் கலங்கல் இருந்தால் மட்டும் மன்னிப்பதில்லை. வாலாட்டும் நாயும் இதே வகைதான். 1/200-இல் முகம் நிற்கும், வால் விசிறியாக விரியும். அதைப் பார்த்து யாராவது "வால் அவுட்டாகிவிட்டதே" என்று சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறது

கை நடுக்கம். லென்ஸ் 200 மி.மீ. என்றால் 1/200-க்குக் கீழே போகாதே என்பது பழைய விதி. நடுக்கம் குறைக்கும் வசதி இருந்தால் அதற்குக் கீழேயும் போகலாம், ஆனால் அந்த வசதி உங்கள் கையைத்தான் பிடித்து நிறுத்தும், நாயைப் பிடித்து நிறுத்தாது. நாய்ப் படத்தில் 1/1000-க்கு மேலே எடுத்தும் எல்லாம் இழுபட்டிருந்தால், ஷட்டர் பொத்தானைக் குத்துகிறீர்கள் என்று அர்த்தம். விரலை அதன் மேல் உருட்டுங்கள்.

இதே மாதிரித் தெரியும் வேறொன்று: நண்பகல் வெயிலில், சுட்டுக்கிடக்கும் தரைக்கு மேலே, நீள லென்ஸில், தூரத்து நாய். எல்லாம் கொழகொழவென்று அலையடிக்கும். அது சூடான காற்றின் வேலை. எந்த ஷட்டர் வேகமும் காப்பாற்றாது. கிட்டே போங்கள், இல்லையென்றால் காலையில் வாருங்கள்.

கோடே இல்லை, ஆனாலும் கண் மெத்தென்று இருக்கிறது

படமெடுக்கப் பழகிக்கொண்டிருந்த பையன் ஒருவன் ஒருநாள் கேமராவை நீட்டினான். "அண்ணே, 1/3200 வெச்சேன். அப்பவும் ஷேக் ஆயிருக்கு, பாருங்க." பார்த்தேன். நாய் நேராக அவனை நோக்கி ஓடி வருகிறது. முகம் பஞ்சு மாதிரி. கண்ணில் இருக்க வேண்டிய வெள்ளைப் புள்ளி, பட்டாணி அளவுக்கு உருண்டையாக இருந்தது. "தம்பி, நாயை விடு. புல்லைப் பாரு" என்றேன். பெரிதாக்கி நகர்த்தினான். நாயின் முன்னங்காலுக்கு ஒரு முழம் பின்னால், மெல்லிய பட்டையாக, ஒவ்வொரு புல் நுனியும் ஊசி மாதிரி நின்றது. அரை நொடி எதுவும் பேசவில்லை. "அப்போ ஷட்டர் சரிதானா?" என்றான். ஷட்டர் சரிதான். அவன் கேமரா, நாய் இருந்த இடத்தைப் பிடித்தது; நாய் இருக்கும் இடத்தை இல்லை.

நேராக வரும் நாயில் இழுப்பு குறைவு என்று மேலே சொன்னேன். அதற்கான விலை இங்கே. முழுச்சட்ட கேமராவில் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 200 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8 (இது லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும்), நாய் 10 மீட்டர் தூரத்தில் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 40 செ.மீ. அதே நாய் 5 மீட்டருக்கு வந்துவிட்டால் வெறும் 10 செ.மீ. பல நாய்களுக்கு மூக்கு நுனியிலிருந்து கண் வரைக்கும் உள்ள தூரமே அதுதான். நொடிக்கு 10 மீட்டர் ஓடும் நாய் அந்த 10 செ.மீ.-ஐ நூறில் ஒரு நொடியில் கடந்துவிடும்.

மருந்து ஷட்டரில் இல்லை. ஃபோகஸைத் தொடர் முறைக்கு மாற்றுங்கள். சோனி, நிக்கானில் ஏஎஃப்-சி, கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ. விலங்கின் கண்ணை அடையாளம் காணும் வசதி இருந்தால் போடுங்கள். நாய் பாயத் தொடங்கிய பிறகு பிடிக்காமல், ஓட்டம் தொடங்கும் முன்பே பொத்தானைப் பாதி அழுத்திப் பின்தொடர விடுங்கள். லென்ஸை எஃப்/2.8-லிருந்து எஃப்/5.6-க்கு மூடினால் ஆழம் இரண்டு மடங்காகும். அதற்காக ஷட்டரை 1/3200-லிருந்து 1/1250-க்கு இறக்க வேண்டியிருந்தாலும் இறக்குங்கள், நேராக வரும் நாய்க்கு அது தாராளம். இங்கே ஷட்டர் வேகத்தைக் குறைப்பதுதான் படத்தைத் தெளிவாக்குகிறது. பலருக்கு இது மனசுக்கு ஒப்பாது.

வேகத்தைக் கூட்டினேன், படம் இருட்டாகவோ புள்ளி புள்ளியாகவோ வருகிறது

வெளிச்சம் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இந்தச் சண்டையே வராது. பழைய ஃபிலிம் காலத்து விதி இன்றும் பொய்க்கவில்லை: நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம். ஐஎஸ்ஓ என்பது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்; அதைக் கூட்டினால் புள்ளிகளும் கூடும். ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப்/16-இல் 1/400. எஃப்/4-க்குத் திறந்தால் நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) லாபம், அதாவது 1/6400. வெயிலில் உங்களுக்கு வெளிச்சக் கவலையே இல்லை. கனத்த மேகம் மூடினால் மூன்று ஸ்டாப் போய்விடும், அதே அமைப்பில் 1/800. ஐஎஸ்ஓவை 800 ஆக்கினால் 1/1600 திரும்பக் கிடைக்கும். பொழுது சாயும் நேரத்தில் இன்னும் ஒன்றிரண்டு ஸ்டாப் கழியும்.

வீட்டுக்குள், ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200 வைத்தும் 1/125 அல்லது 1/250 கிடைத்தால் பெரிய விஷயம். அந்த வெளிச்சத்தில் ஓடும் நாயைப் பிடிக்க நினைப்பதைவிட, ஓட்டம் நிற்கும் கணத்துக்குக் காத்திருப்பது மேல். பந்தைக் கவ்வித் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு நாயும் ஒரு கணம் ஏறக்குறைய நிற்கும். தாவலின் உச்சியிலும் மேலும் கீழுமான அசைவு அடங்கிவிடும். அங்கே 1/400 செய்யும் வேலையை ஓட்டத்தின் நடுவில் 1/1600 செய்யாது. பகலில் நாயை ஜன்னல் பக்கம் கூட்டி வந்தாலே மூன்று ஸ்டாப் வரை கிடைத்துவிடும்.

புள்ளிகள் வேண்டாம், கலங்கலும் வேண்டாம் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றால் என் ஓட்டு புள்ளிகளுக்குத்தான். புள்ளியை மென்பொருளில் குறைக்கலாம். இழுபட்ட கண்ணை உண்மையாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதற்காக வேண்டாத இடத்தில் ஐஎஸ்ஓ ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். உட்கார்ந்த நாயை 1/3200-இல் எடுத்து ஐஎஸ்ஓ 6400-க்குப் போன படங்கள் என்னிடம் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன. ஓட்டம் முடிந்ததும் டயலைத் திருப்ப மறந்ததன் பலன்.

பாதிப் படங்கள் நன்றாக வருகின்றன, நடுவில் சில மட்டும் கலங்கியிருக்கின்றன

கலங்கிய படத்தின் விவரங்களைத் திறந்து ஷட்டர் எண்ணைப் பாருங்கள். ஏ அல்லது ஏவி முறையில் வைத்திருந்தால் விடை அங்கேயே இருக்கும். நீங்கள் துளையை மட்டும் தேர்ந்தெடுக்கிறீர்கள், ஷட்டரைக் கேமரா முடிவுசெய்கிறது. வெயிலில் 1/3200 கொடுத்த அதே கேமரா, நாய் மரநிழலுக்குள் நுழைந்ததும் சத்தமில்லாமல் 1/400-க்கு இறங்கிவிடும். பார்வைத்திரையின் ஓரத்தில் ஓடும் அந்த எண்ணை, நாயைத் துரத்தும்போது எவன் பார்க்கப்போகிறான்?

கறுப்பு நாய் என்றால் இன்னும் மோசம். கேமராவின் மீட்டர் எதிரில் இருப்பதெல்லாம் நடுச்சாம்பல் என்று நினைத்து அளக்கிறது. சட்டம் நிறையக் கறுப்பு ரோமம் வந்ததும் "அய்யோ இருட்டு" என்று பதறி, ஷட்டரை இரண்டு ஸ்டாப் வரை மெதுவாக்கும்: 1/1600 இருந்தது 1/400 ஆகும். நாயும் சாம்பலாகும், படமும் கலங்கும். ஒரே தவறில் இரண்டு தண்டனை. வெள்ளை நாய்க்கு எதிர்மாறு. ஷட்டர் வேகமெடுக்கும், படம் கலங்காது, ஆனால் நாய் அழுக்காகத் தெரியும்.

தீர்வு எளிது. எம் முறையில் ஷட்டரையும் துளையையும் நீங்களே வையுங்கள், ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். வெளிச்சம் மாறினால் புள்ளி கூடும் குறையும், ஷட்டர் அசையாது. கறுப்பு நாய்க்கு வெளிச்சத் திருத்தத்தை ஒரு ஸ்டாப் கழிவிலும், வெள்ளை நாய்க்கு ஒரு ஸ்டாப் கூட்டலிலும் வைத்துப் பாருங்கள். எம் முறை பயமாக இருந்தால் எஸ் முறை, கேனானில் டிவி (Tv) என்று இருக்கும்; அதில் ஷட்டரை நீங்கள் வைக்க, துளையைக் கேமரா பார்த்துக்கொள்ளும். அதுவும் வேண்டாமென்றால், ஆட்டோ ஐஎஸ்ஓ பட்டியலுக்குள் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒரு வரி பல கேமராக்களில் இருக்கும். அதை 1/1000-இல் பூட்டிவிடுங்கள்.

எல்லாம் தெளிவு, ஆனால் நாய் பொம்மை மாதிரி இருக்கிறது

இந்தப் புகார் வந்தால் மகிழ்ச்சி, தொழில்நுட்பம் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மிச்சமிருப்பது தருணம்.

1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையை எடுத்தபோது, நாலு காலும் தரையில் படாத கணம் ஒன்று உண்டு என்பது படத்தில் தெரிந்தது. அந்தக் கணத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் கூடியிருந்தன. ஓவியர்கள் காலங்காலமாக முன்னும் பின்னும் நீட்டி வரைந்துகொண்டிருந்தார்கள். முழுப் பாய்ச்சலில் ஓடும் கிரேஹவுண்டுக்கு இரண்டுமே உண்டு: கால்கள் கூடிய நிலையில் ஒரு தடவை, முழுக்க நீண்ட நிலையில் இன்னொரு தடவை. ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு தடவை அந்தரத்தில் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று சிக்கினால்தான் நாய் பறக்கிற மாதிரி இருக்கும். நடுவில் சிக்கினால், எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கால் தடுக்கி விழப்போகிற மாதிரி இருக்கும்.

நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு படங்களுக்கு நடுவே நாய் ஒரு மீட்டர் போய்விடும். நம் விரல் எதிர்வினை காட்டவே கிட்டத்தட்ட 0.2 நொடி ஆகும், அதற்குள் இரண்டு மீட்டர். ஆகவே பார்த்துத் தட்டினால் பிந்திவிடும். பாய்ச்சலின் தாளத்தை வாய்க்குள் எண்ணிக்கொண்டு முன்கூட்டித் தொடங்குங்கள். பர்ஸ்ட் வேகத்தை, அதாவது விடாமல் தட்டும்போது நொடிக்கு எத்தனை படம் என்பதை, கூட்டினால் நல்ல தருணம் சிக்கும் வாய்ப்புத்தான் கூடும், கலங்கல் குறையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

தண்ணீரில் ஓடும் நாயாக இருந்தால் ஷட்டரை வைத்தே உணர்வை மாற்றலாம். 1/2000-இல் துளிகள் கண்ணாடி மணிகள். 1/320-இல் அவை வெள்ளிக் கோடுகள்.

பேனிங் செய்தேன், பின்னணி ஓடுகிறது, நாயும் சேர்ந்து ஓடிவிட்டது

வேண்டுமென்றே 1/60-க்கு இறங்கி, நாயோடு கேமராவைச் சுழற்றி, பின்னணியை மட்டும் கோடாக்கும் வித்தை இது. கார், சைக்கிள் எடுத்துப் பழகியவர்கள் அதே எண்ணில் நாயை எடுத்து ஏமாறுவார்கள். கார் நேர்கோட்டில் போகும். நாய் ஒவ்வொரு பாய்ச்சலிலும் மேலும் கீழும் போகும், முதுகு வில்லாக வளைந்து நிமிரும். நீங்கள் பக்கவாட்டில் கச்சிதமாகத் திருப்பினாலும் மேல்கீழ் அசைவு படத்தில் விழத்தான் செய்யும்.

1/200-இல் தொடங்குங்கள். பத்தில் ஐந்து தேறினால் 1/125. அதிலும் தேறினால் 1/80. பின்னணி கிட்டே இருந்தால் 1/160-இலேயே நன்றாக ஓடும், அவ்வளவு கீழே போக வேண்டிய அவசியமே வராது. உடம்பு வேண்டாம், தலையைப் பின்தொடருங்கள். இரையையோ பந்தையோ பார்த்து ஓடும் நாயின் தலை, உடம்பைவிட நிதானமாகப் போகும். பாய்ச்சலைவிடக் குதுகுது ஓட்டத்தில் மேல்கீழ் ஆட்டம் குறைவு, பழகுவதற்கு அதுதான் தோது. லென்ஸில் நடுக்கம் குறைக்கும் வசதிக்கு இரண்டு நிலை இருந்தால், பேனிங்குக்கான நிலைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அது உங்கள் சுழற்சியோடு மல்லுக்கு நிற்கும். நூற்றில் நாலு படம் தேறினால் அன்றைக்கு நல்ல நாள்.

நாய் சாய்ந்திருக்கிறது, கம்பம் வளைந்திருக்கிறது

1/8000 வைத்தும் நாய் ஒரு பக்கமாகத் தள்ளினாற்போல் இருந்தால், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு வரிசையும் 1/8000 நொடிதான் ஒளி வாங்குகிறது. ஆனால் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை படித்து முடிக்கச் சாதாரண சென்சாருக்கு 1/30 நொடி போலப் பிடிக்கலாம். அந்த நேரத்தில் நாய் 30 செ.மீ.-க்கு மேல் நகர்ந்திருக்கும். காது ஒரு நேரத்துக்குரியது, பாதம் வேறொரு நேரத்துக்குரியது. கேமராவைச் சுழற்றினால் நேராக நின்ற கம்பங்களும் சாயும். இதற்கு ஷட்டர் எண்ணைக் கூட்டி எந்தப் பயனும் இல்லை, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். வரிசைகளை வெகுவேகமாகப் படிக்கும் அடுக்கு சென்சார் உள்ள விலையுயர்ந்த கேமராக்களில் இது மிகக் குறைவு. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஆல்ஃபா 9-இன் மூன்றாம் மாடலில் எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் ஒளி வாங்குவதால் இந்தச் சாய்வே கிடையாது.

உள்ளரங்கில் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறினாலோ, குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழுந்தாலோ, குற்றவாளி மேலே எரியும் விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 தடவை மின்னுகிறது; உங்கள் 1/1000 அதில் ஒரு துண்டைத்தான் பார்க்கிறது. மெனுவில் மினுக்கத் தடுப்பு இருந்தால் போடுங்கள்.

ஃபிளாஷ் போட்டேன், நாய்க்குப் பின்னால் நிழல் நாய் ஒன்று

ஃபிளாஷ் ஒரு கணம் மின்னித் தெளிவான நாயைப் பதிக்கிறது. அதே படத்தில் அறை வெளிச்சம் ஷட்டர் மூடும்வரை கலங்கலான நாயைப் பதிக்கிறது. ஷட்டரை ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்சிக்கு, பொதுவாக 1/200 அல்லது 1/250-க்கு, ஏற்றுங்கள். ஐஎஸ்ஓவை இறக்குங்கள். அறை வெளிச்சம் படத்தில் அற்றுப்போனால் நிழல் நாயும் போய்விடும். ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் மின்னும் நேரம் இன்னும் சுருங்கும், அசைவை நிறுத்துவது அப்போது ஷட்டர் இல்லை, அந்த மின்னல்தான். நேராக முகத்தில் அடிக்காதீர்கள். நாயின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதால் கண் பச்சையாக எரியும், நாய்க்கும் பிடிக்காது. கூரையில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள்.

போனில் எடுத்தால் நாய்க்கு ஆறு கால்

போன் பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. வெளிச்சம் குறைந்தால் இன்னும் அதிகம் ஒட்டும். இரவு முறையை அணையுங்கள். புரோ முறை இருந்தால் ஷட்டரை 1/1000-இல் வைத்து வெயிலில் எடுங்கள். இல்லையென்றால் வெளிச்சம் நிறைய உள்ள இடத்துக்கு நாயைக் கூட்டிப்போங்கள். வெளிச்சம் கூடினால் போன் தானாகவே ஷட்டரை வேகமாக்கும்.

ஈர நாய் உதறும்போது முகம் மட்டும் குழைந்துபோகிறது

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த தொல்லை. நனைந்த பெரிய நாய் நொடிக்கு நாலைந்து தடவை உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்குகிறது. சின்னப் பிராணி என்றால் இன்னும் வேகம், சுண்டெலி நொடிக்கு சுமார் 30 தடவை. எண்ணிக்கை குறைவுதானே என்று 1/500 வைத்தால் ஏமாந்தீர்கள். தளர்ந்த தோல் எலும்பைவிட வெகுதூரம் சுழன்று போய் வருவதால் கன்னமும் காதும் பயங்கர வேகத்தில் பறக்கும். 1/2000-க்குக் கீழே வேண்டாம், 1/3200 கிடைத்தால் நல்லது.

வெளிச்சம் அவ்வளவு இல்லையா? அப்போதும் வழி உண்டு. ஊஞ்சல் மாதிரி, ஒவ்வொரு முறுக்கின் கோடியிலும் தோல் ஒரு கணம் நின்றுதான் திரும்பும். காது முழுக்கப் புரண்டு, உதடு கன்னத்துக்கு மேலே ஏறி, ஒரு கண் மட்டும் பிதுங்கித் தெரியும் அந்தக் கோடியில் 1/800-கூடச் சில நேரம் போதும். உதறல் தலையில் தொடங்கி வால் பக்கமாகப் போகும். அது இடுப்புக்கு வரும்போது தலை அடங்கத் தொடங்கிவிடும், துளிகள் இன்னும் காற்றில்தான் இருக்கும். பர்ஸ்டின் முதல் படங்களை அழித்தாலும் அழியுங்கள், கடைசி மூன்று நாலைப் பார்க்காமல் அழிக்காதீர்கள். லென்ஸைத் துடைக்க ஒரு துணியும் கையில் இருக்கட்டும்.